பைத்தியத்துக்கும் ரத்தக் கொதிப்புக்கும் ஒரே வேர்

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோயில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடத்தில் இருக்கிறது ஒரகடம். இராமானுசர் அவதரித்த ஊர் என்று மட்டுமே நம் தாத்தாக்கள் ஸ்ரீபெரும்புதூரை அறிந்திருந்தார்கள். 1990களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் தொழிற்சாலை வந்த பிறகு, ஏரிகளுக்கும் வயல்களுக்கும் நடுவே ஒவ்வொன்றாக ஆலைகள் எழும்பி, இன்று ஒரகடம் வரையிலும் அதற்கு அப்பாலும் நீண்டு கிடக்கின்றன. முதல் ஷிப்டு விடும் பிற்பகல் வேளையில் அந்தச் சந்திப்பில் நின்றால், அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டபடி நூற்றுக்கணக்கானோர் கம்பெனிப் பேருந்துகளிலிருந்து இறங்குவதைப் பார்க்கலாம். டீக்கடைகளுக்கு அடுத்தபடியாக அங்கே கூட்டம் நிற்பது மருந்துக் கடைகளில்தான்.

அப்படியொரு டீக்கடையில் நமக்கு நெடுநாள் பழக்கமான நண்பர் ஒருவர் இந்தக் கட்டுரைக்கான கேள்வியைக் கேட்டார். வாகன உதிரிபாகம் செய்யும் ஓர் ஆலையில் சி.என்.சி. லேத் ஓட்டுபவர். நாற்பத்திரண்டு வயது. ஒரு வருடமாக ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார். வெட்டும் இன்சர்ட்டை மாற்றிய பிறகு எந்திரத்தில் புதிய அளவைப் பதிய வேண்டும். அதை ‘ஆஃப்செட் போடுவது’ என்பார்கள். பதினைந்து வருடமாகக் கை தானாகச் செய்துவந்த அந்த வேலையை ஒரே மாதத்தில் இரண்டு முறை மறந்துவிட்டார். ஒரு பெட்டி நிறைய உருப்படிகள் கழிவாயின. “அண்ணே, பிரஷர் மாத்திரை போட்டா மூளை மந்தமாயிடுமாமே? கூட வேலை செய்றவர் சொன்னாரு. ரெண்டு மாசமா நிறுத்திட்டேன்” என்றார்.

படித்தவர்கள் இத்தகைய கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிடுவது வழக்கம். நாமும் அன்று ஏறக்குறைய அதையே செய்தோம். வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பித்த பிறகுதான் வெட்கமாக இருந்தது. ரத்த அழுத்தத்துக்கான மருந்து மனத்தைத் தொடுமா என்ற கேள்வி, அந்த மருந்துகளின் வரலாற்றில் மிகப் பழைய கேள்விகளில் ஒன்று. அந்தக் கேள்வி எழுந்ததும் நம் நாட்டில்தான், ஒரு செடியின் வேரில்.

அந்தச் செடிக்குத் தமிழில் சர்ப்பகந்தி என்று பெயர். ஒரு முழம் இரண்டு முழம் உயரம் வளரும் குறுஞ்செடி. வெண்மையும் இளஞ்சிவப்புமாகப் பூங்கொத்து, பழுத்தால் கறுக்கும் சிறு காய், பாம்பாக வளைந்த வேர். தமிழ் மூலிகைப் பட்டியல்களில் இதற்குச் ‘சிவன் அமல்பொடி’ என்றொரு பெயரும் காணப்படுகிறது. சிவனுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று வியந்து தேடினால், 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ நூலில் இச்செடி ‘சோவன்ன அமல்பொடி’ என்று பதிவாகியிருக்கிறது. மலையாளத்தின் ‘சுவந்ந’, அதாவது சிவந்த, என்ற அடைமொழிதான் தமிழில் சிவனாகியிருக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது. ஐரோப்பியர் தந்த பெயர் இதைவிட வேடிக்கை. ராவுல்ஃப் என்ற பதினாறாம் நூற்றாண்டு ஜெர்மானிய மருத்துவரின் நினைவாக இந்தத் தாவரப் பேரினத்துக்கு ‘ராவுல்ஃபியா’ என்று பெயரிட்டார்கள். அவர் பயணம் செய்தது மேற்காசியாவில்; இந்தியாவுக்கு அவர் வந்ததே இல்லை.

பாம்புக்கடிக்கும் காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் இவ்வேர் பயன்பட்டது என்று பழைய நூல்கள் சொல்கின்றன. பீகாரில் மட்டும் இதற்கு வேறொரு பெயர் வழங்கியது: ‘பாகல் கி தவா’, பைத்தியத்துக்கு மருந்து. வெறிகொண்டு திரிபவருக்கு இவ்வேரின் பொடியைக் கொடுத்தால் அடங்குவார் என்பது அங்கே நாட்டு வைத்தியர்கள் அறிந்த செய்தி.

1931ஆம் ஆண்டு இவ்வேரின் வாழ்வில் இரண்டு நிகழ்வுகள் நடந்தன. ஒன்று தில்லியில், மற்றொன்று கல்கத்தாவில்.

தில்லியில் திப்பியா கல்லூரி என்ற ஆயுர்வேத, யுனானிக் கல்லூரி இருக்கிறது. 1921இல் காந்தி திறந்துவைத்தது. அதை நிறுவிய ஹக்கீம் அஜ்மல் கான் காங்கிரஸ் தலைவராக இருந்தவர், ‘ஷைதா’ என்ற புனைபெயரில் உருதுவிலும் பாரசீகத்திலும் கவிதை எழுதியவர். நாட்டு மருந்துகளை நவீன வேதியியலால் ஆராய வேண்டும் என்று விரும்பிய அவர், ஃபிராங்க்ஃபர்ட்டில் படித்துத் திரும்பிய சலீமுஸ்ஸமான் சித்தீக்கியை அங்கே அழைத்துவந்தார். சித்தீக்கி வேதியியலர் மட்டுமல்லர், ஓவியரும்கூட. அஜ்மல் கான் 1927இல் மறைந்துவிட்டார். 1931இல் சித்தீக்கி சர்ப்பகந்தி வேரிலிருந்து பல காரப்பொருள்களைப் படிகமாகப் பிரித்தெடுத்தபோது அவற்றில் ஒன்றுக்கு ‘அஜ்மலின்’ என்று பெயர் வைத்தார். இன்றும் இதய மருத்துவத்தில் ஒரு குறிப்பிட்ட துடிப்புக் கோளாற்றைக் கண்டறிய அஜ்மலின் பயன்படுகிறது. ஒரு கவிஞரின் பெயர் இதய நோய்ப் பிரிவில் நாள்தோறும் உச்சரிக்கப்படுவது இலக்கிய அன்பர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தியல்லவா? ஆனால் ரத்த அழுத்தத்தை உண்மையில் குறைக்கும் பொருள் அந்தப் படிகங்களில் இல்லை. அது படிகமாகாமல் எஞ்சிய பிசினுக்குள் ஒளிந்திருந்தது. அதை எடுக்க இன்னும் இருபது ஆண்டுகள் ஆயின.

கல்கத்தா நிகழ்வே நம் கட்டுரையின் மையம். கணநாத் சென் புகழ்பெற்ற கவிராஜர், மேலைநாட்டு மருத்துவமும் கற்றவர். கார்த்திக் சந்திர போஸ் மருத்துவர், மருந்துத் தொழிலில் முன்னோடி. இருவரும் சேர்ந்து அதே 1931இல் ‘இந்தியன் மெடிக்கல் வேர்ல்ட்’ என்ற இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். அதன் தலைப்பு, பைத்தியத்துக்கும் உயர் ரத்த அழுத்தத்துக்கும் ஒரு புதிய இந்திய மருந்து என்பதாகும். இந்த ‘உம்’கள் இரண்டையும் நாம் கவனிக்க வேண்டும். வெறிகொண்டவர்களுக்குக் கொடுத்தபோது மனமும் அடங்கியது, ரத்த அழுத்தமும் இறங்கியது. ஒன்றை மருந்தின் பயன் என்றும் மற்றொன்றைப் பக்கவிளைவு என்றும் அவர்கள் பிரிக்கவில்லை. ரத்த அழுத்தத்துக்கென நவீன மருத்துவ இதழில் வந்த ஆரம்பகால அறிக்கைகளில் ஒன்றான இதிலேயே, மருந்து மூளையையும் ரத்தக் குழாயையும் ஒருசேரத் தொடுகிறது என்ற செய்தி தலைப்பில் இருக்கிறது.

‘ரத்தக் கொதிப்பு’ என்ற நம் சொல்லிலும் இந்தப் பிரிவினை இல்லை என்பது தற்செயலாக இருக்கலாம். கொதிப்பது ரத்தமா, மனமா? “கோபப்படாதே, பிரஷர் ஏறிடும்” என்று சொல்லாத வீடு தமிழ்நாட்டில் உண்டா?

இதற்குப் பிறகு கல்கத்தாவின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ராம்நாத் சோப்ராவும் குழுவினரும் 1933இல் விலங்குகளில் சோதித்து, வேரின் சாறு அழுத்தத்தைக் குறைப்பதை உறுதிசெய்தார்கள். 1934இல் ‘செர்ப்பினா’ என்ற பெயரில் இவ்வேர் மாத்திரையாகவே இந்தியக் கடைகளுக்கு வந்துவிட்டது. பதினைந்து ஆண்டுகள் லட்சக்கணக்கான மாத்திரைகள் இந்நாட்டில் விற்றன. மேலைநாடுகள் ஏறிட்டும் பார்க்கவில்லை.

பார்க்க வைத்தவர் பம்பாய் இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல். கே.இ.எம். மருத்துவமனையில் பணியாற்றியவர். 1949இல் ‘பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்’ இதழில், 50 நோயாளிகளுக்கு இவ்வேரைக் கொடுத்துக் கண்ட முடிவுகளை வெளியிட்டார். பாஸ்டனில் ராபர்ட் வில்கின்ஸ் அதைப் படித்து மருந்தை வரவழைத்துச் சோதித்தார். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சீபா நிறுவனத்தைச் சேர்ந்த முல்லர், ஷ்லிட்லர், பெய்ன் மூவரும் 1952இல், சித்தீக்கி விட்டுவைத்த அந்தப் பிசினுக்குள்ளிருந்து ‘ரெசர்ப்பின்’ என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். வில்கின்ஸ் தம் நோயாளிகளிடம் ஓர் அமைதியைக் கண்டார். பதற்றம் போய்விட்டது என்று அவர்களே சொன்னார்கள். நியூயார்க்கின் ராக்லண்ட் மனநல மருத்துவமனையில் நேதன் கிளைன் இதே மருந்தை மனநோயாளிகளுக்குக் கொடுத்து 1954இல் எழுதினார். 1957ஆம் ஆண்டின் லாஸ்கர் பரிசு வக்கீலுக்கும் கிளைனுக்கும் கிடைத்தது. ஒருவருக்கு அழுத்தத்துக்காக, மற்றவருக்கு மனத்துக்காக. வேர் ஒன்றே. சென்னும் போஸும் இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் ஒரே தலைப்பில் எழுதியதை உலகம் இரண்டு பரிசுகளாகப் பிரித்துக் கொடுத்தது என்று சொல்லலாம். அவர்கள் இருவரையும் நினைத்தவர் குறைவு.

அமைதிக்கு ஒரு மறுபக்கமும் இருந்தது. அதே 1954இல் அமெரிக்க மருத்துவர் எட்வர்ட் ஃபிரீஸ், ரெசர்ப்பினை அதிக அளவில் நெடுநாள் உட்கொண்ட ரத்த அழுத்த நோயாளிகள் சிலர் ஆழ்ந்த மனச்சோர்வில் விழுந்ததை எழுதினார். அது உண்மையான மனச்சோர்வுதானா, அல்லது உடலும் எண்ணமும் மந்தமாகிப்போன வேறொரு நிலையா என்று பின்வந்தவர்கள் ஐயம் எழுப்பினார்கள். இந்த விவாதம் இன்றும் முடியவில்லை. ஆனால் ஏதோ ஒன்று மந்தமானது என்பதில் ஐயமில்லை.

அது எது என்பதைக் கண்டுபிடித்த கதை நமக்கு மிகவும் பிடித்தது. 1955இல் அமெரிக்காவில் பிராடியின் ஆய்வகம், ரெசர்ப்பின் கொடுத்தால் மூளையிலிருந்து செரோட்டோனின் என்ற பொருள் வடிந்துபோகிறது என்று காட்டியது. ஒரு வேதிப்பொருளின் அளவுக்கும் மனநிலைக்கும் தொடர்பு உண்டு என்று அறிவியல் துணிந்து பேச ஆரம்பித்தது அப்போதுதான். அந்த ஆய்வகத்தில் சிறிது காலம் இருந்துவிட்டுச் சுவீடன் திரும்பிய ஆர்விட் கார்ல்சன் 1957இல் முயல்களுக்கு ரெசர்ப்பின் ஊசி போட்டார். முயல்கள் காதுகள் தொங்கிச் சிலையாகிக் கிடந்தன. பிறகு எல்-டோப்பா என்ற பொருளைச் செலுத்தினார். சில நிமிடங்களில் காதுகள் நிமிர்ந்தன, முயல்கள் நடமாடின. ரெசர்ப்பின் வடித்துவிட்டது டோப்பமினை. எல்-டோப்பா அதை மீட்டது. நடுக்குவாத நோய்க்கு இன்றளவும் கொடுக்கப்படும் மருந்து இந்தச் சோதனையின் வழியில் பிறந்ததுதான். கார்ல்சனுக்கு 2000ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. அதை அவருடன் பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவர் நினைவாற்றல் எப்படி உருவாகிறது என்று ஆராய்ந்த எரிக் காண்டல்.

இங்கே சற்று நின்று, நம் லேத் நண்பர் இழந்தது எது என்று கேட்டுக்கொள்வோம். அவருக்குப் பிள்ளைகளின் பிறந்தநாள் நினைவிருக்கிறது, இருபது வருடத்துக்கு முந்தைய கிரிக்கெட் ஆட்டத்தின் ஓட்ட எண்ணிக்கைகூட நினைவிருக்கிறது. இழந்தது அந்த நினைவை அல்ல. இன்சர்ட் மாற்றினேன், அடுத்தது ஆஃப்செட், நடுவில் சூப்பர்வைசர் கூப்பிட்டார், திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும் என்ற இந்தச் சங்கிலியைச் சில நொடிகள் மனத்தில் ஏந்தி நிற்கும் திறனில்தான் பிசகு. எதை முதலில் செய்வது, எதை ஒத்திப்போடுவது, எங்கே கையை அடக்குவது என்று முடிவெடுக்கும் இத்திறனைச் செயலாட்சித் திறன் என்று சொல்லலாம். நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப்பகுதிதான் இதற்குப் பொறுப்பு. ஓர் ஆலையில் ஒரு தொழிலாளியின் கூலியும் விரல்களும் இதை நம்பியே இருக்கின்றன.

1979இல் ஒரு சோதனை வெளிவந்தது. ரீசஸ் குரங்கின் முன் இரண்டு குழிகள். ஒருமுறை இடக்குழியில் தீனி எடுத்தால் அடுத்தமுறை வலக்குழியில் எடுக்க வேண்டும். நடுவில் ஒரு திரை விழுந்து எழும். கடைசியாக எங்கே கை வைத்தோம் என்பதைத் திரை விழுந்திருக்கும் நேரமெல்லாம் குரங்கு மனத்தில் ஏந்தியிருக்க வேண்டும். நெற்றிப் பகுதியில் டோப்பமினை மட்டும் வற்றச் செய்தபோது, அந்தப் பகுதியையே வெட்டி எடுத்துவிட்டதற்கு நிகராகக் குரங்குகள் தடுமாறின. அதாவது, சர்ப்பகந்தி வடித்துவிடும் அதே பொருள்தான் நெற்றிமூளையின் எண்ணெய். 1993இல் சீன ஆய்வாளர்கள் குரங்குகளுக்கு ரெசர்ப்பினையே கொடுத்து, இதே வகை நினைவு கெடுவதைக் காட்டினார்கள். பிறகு குளோனிடின் கொடுத்ததும் அது மீண்டது.

இந்தக் குளோனிடின் எது? இதுவும் ரத்த அழுத்த மருந்து! 1960களில் ஜெர்மனியில் மூக்கடைப்புக்குச் சொட்டு மருந்தாகத் தயாரித்துப் பார்த்தார்கள். சளி பிடித்திருந்த அலுவலகப் பெண்மணி ஒருவருக்கு அதை இட்டதும் அவர் மறுநாள்வரை தூங்கிவிட்டார், அழுத்தமும் விழுந்துவிட்டது. அப்படித்தான் அது ரத்தக் கொதிப்பு மாத்திரையானது. அமெரிக்காவில் ஏமி ஆர்ன்ஸ்டனும் பட்ரீசியா கோல்ட்மேன்-ராகிச்சும் 1985இல் வயதான குரங்குகளுக்கு அதைக் கொடுத்தபோது, திரைக்குப் பின்னாலுள்ள தீனியை அவை முன்னைவிட நன்றாக நினைவு வைத்திருந்தன. குளோனிடினின் உறவான குவான்ஃபசின் என்ற மாத்திரை அமெரிக்காவில் 1986இல் ரத்த அழுத்தத்துக்காக அனுமதி பெற்றது. அதே மருந்து 2009இல் கவனக்குறைவும் துறுதுறுப்பும் கொண்ட பிள்ளைகளுக்காக மறுபடி அனுமதி பெற்றது. ஒரு ரத்தக் கொதிப்பு மருந்து செயலாட்சித் திறனைக் கெடுக்கிறது, இன்னொன்று செப்பனிடுகிறது. ஆகவே ‘பிரஷர் மாத்திரை மூளையை மந்தமாக்குமா’ என்ற கேள்விக்கு ஒரே விடை இருக்க முடியாது. எந்த மாத்திரை என்று திருப்பிக் கேட்டாக வேண்டும்.

இடைப்பட்ட காலத்தின் மற்ற மருந்துகளை விரைந்து பார்த்துவிடலாம். 1983இல் வெளியான சிறிய ஆய்வொன்று, மெத்தில்டோப்பாவோ புரொப்பரனலாலோ எடுத்துக்கொண்டவர்கள், சிறுநீர் பெருக்கி மாத்திரை எடுத்துக்கொண்டவர்களைவிடச் சொற்களை நினைவில் வைப்பதில் பின்தங்கியதாகச் சொன்னது. மெத்தில்டோப்பா இன்று பெரும்பாலும் கர்ப்பிணிகளுக்கே கொடுக்கப்படுகிறது. புரொப்பரனலால் கொழுப்பில் கரைவதால் எளிதில் மூளைக்குள் புகும். அட்டினலால் அதே குடும்பமாயினும் அவ்வளவாகப் புகுவதில்லை. 1994இல் காஹில், மெக்காஃப் குழுவினர் செய்த சோதனை இலக்கிய வாசகர்களுக்குச் சுவையாக இருக்கும். சிலருக்குப் புரொப்பரனலால் கொடுத்து, படங்களுடன் ஒரு கதை சொன்னார்கள். கதையின் ஒரு வடிவில் சிறுவன் ஒருவன் விபத்தில் அடிபடுகிறான், மற்றதில் ஒன்றுமே நடப்பதில்லை. சாதாரணக் கதையை நினைவுகூர்வதில் மாத்திரை எந்த வேறுபாடும் செய்யவில்லை. நெஞ்சை உலுக்கும் பகுதி மட்டும், மாத்திரை எடுத்தவர்களுக்கு அவ்வளவு அழுத்தமாகப் பதியவில்லை. பிற ஆய்வுகளில் இக்குடும்ப மாத்திரைகளின் விளைவு சிறியதாகவும் ஒன்றுக்கொன்று முரணாகவுமே இருக்கிறது.

ஆக, அந்தச் சக தொழிலாளி வெறும் புரளியைப் பரப்பவில்லை. ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய மருந்துகளைப் பற்றிய ஓர் உண்மை, தேதி உதிர்ந்து, மருந்தின் பெயர் உதிர்ந்து, ஒரகடத்து டீக்கடைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. நாட்டு வழக்கில் அறிவு வாழும் விதமே இதுதான். ‘பாகல் கி தவா’வும் அப்படித்தானே வாழ்ந்தது?

இவ்வளவு சொல்லிவிட்டு மற்றப் பாதியைச் சொல்லாவிட்டால் பாவம் சேரும். மனச்சோர்வைப் பற்றி எச்சரித்த அதே ஃபிரீஸ்தான், அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் ஒரு பெரும் சோதனையை நடத்தினார். அழுத்தத்தின் கீழ் அளவு 115 முதல் 129 வரை இருந்த 143 ஆண்களில் ஒரு சாராருக்கு வெற்று மாத்திரை, மறு சாராருக்கு மூன்று மருந்துகளின் கூட்டு. அந்த மூன்றில் ஒன்று ரெசர்ப்பின். 1967இல் முடிவு வெளியானது: வெற்று மாத்திரை உண்டவர்களில் 27 பேருக்குப் பக்கவாதம், இதயச் செயலிழப்பு போன்ற கடும் கேடுகள், மருந்து உண்டவர்களில் 2 பேருக்கு. கொதிப்பைக் குறைத்தால் உயிர் பிழைக்கும் என்று உலகம் ஐயமற நம்பியது இதன் பிறகே. மனத்தை மந்தமாக்கும் என்று அஞ்சப்பட்ட அந்த வேர்தான் இதை நிரூபிக்கவும் துணைநின்றது. ஃபிரீஸ் மருந்தை வெறுக்கவுமில்லை, போற்றிப் பாடவுமில்லை. இரண்டையும் பார்த்தார், இரண்டையும் எழுதினார். இக்கட்டுரைக்காகப் படித்தவர்களிலேயே நமக்கு மிகவும் மதிப்பு வந்தது அவர்மேல்தான்.

கவனிக்காமல் விட்ட கொதிப்பு மூளைக்குச் செய்வது, எந்த மாத்திரை செய்வதையும்விடக் கொடியது. மூளையின் ஆழத்திலுள்ள மயிரிழைக் குழாய்கள் தடித்து அடைபடுகின்றன. பகுதிகளை இணைக்கும் வெண்ணிற நரம்புக் கற்றைகள் ஆங்காங்கே பட்டுப்போகின்றன. இது பெரும்பாலும் ஓசையின்றி நடக்கிறது. நெற்றிப் பகுதிக்குச் செல்லும் இணைப்புகள் அறுபடுவதால் பெயர்களும் முகங்களும் மறப்பதற்கு முன்பே, திட்டமிடுவதும் அடுத்தடுத்துச் செய்வதும் தளர்கின்றன. ஆஃப்செட் போட மறப்பது எதனுடைய வேலையாகவும் இருக்கலாம் என்பதுதான் இதிலுள்ள சிக்கல்.

1998இல் ஐரோப்பாவில் 2,418 முதியவர்களிடம் நடந்த ஆய்வில், நைட்ரென்டிபின் அடிப்படையிலான சிகிச்சை மறதி நோயைப் பாதியாகக் குறைத்தது. எண்ணிக்கை சிறியது, 21க்கு எதிராக 11. 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 9,361 பேர். மேல் அளவை 120க்குக் கீழே கொண்டுவர முயன்றவர்களிடம், 140க்குக் கீழே நிறுத்தியவர்களைக் காட்டிலும், அறிவுத்திறன் லேசாகத் தேய்வது 19 சதவீதம் குறைந்திருந்தது. மறதி நோயும் குறைந்ததாகத் தோன்றினாலும் அந்த வேறுபாட்டைப் புள்ளியியல் உறுதிசெய்யவில்லை. 2020இல் 31,090 பேரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, கொதிப்பு இருந்தும் மருந்து எடுக்காதவர்களைவிட எடுத்தவர்களுக்கு மறதி நோயின் வாய்ப்பு 12 சதவீதம் குறைவு. இன்ன வகை மாத்திரை மற்றதைவிட மேல் என்று சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும்விட நம்மை ஈர்த்தது 2025இல் வெளிவந்த சீனக் கிராமங்களின் ஆய்வு. சுமார் 34,000 பேர், 326 கிராமங்கள். பெரிய மருத்துவமனை எதுவுமில்லை. பயிற்சி பெற்ற கிராமச் சுகாதாரப் பணியாளர்களே மாத்திரை கொடுத்து அளந்துவந்தார்கள். நான்கு ஆண்டுகளில் மறதி நோய் 15 சதவீதம் குறைந்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வந்து மாத்திரை கொடுத்துச் செல்லும் நம் ஊர்ப் பெண்களை இதைப் படித்தபோது நினைத்துக்கொண்டோம்.

இந்தியாவில் வயதுவந்தோரில் 35.5 சதவீதத்தினருக்கு உயர் ரத்த அழுத்தம் இருப்பதாக 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் நாடளாவிய ஆய்வு சொல்கிறது. ஷிப்டு மாறி மாறி வேலை செய்பவர்களுக்கு இது வரும் வாய்ப்பு கூடுதல் என்பது பல நாடுகளில் கண்டறியப்பட்ட ஒன்று. அறிவாளிகளான நாம் ஆலைத் தொழிலாளியின் நுரையீரலைப் பற்றியும் முதுகைப் பற்றியும் கொஞ்சம் எழுதியிருக்கிறோம். அவனுடைய கவனத்தை, ஒரு நாளைக்கு எட்டு மணிநேரம் அவன் விற்கும் அந்தப் பொருளை, பற்றி எழுதியது குறைவு.

மறுவாரம் மாத்திரை அட்டையை எடுத்துவரச் சொன்னோம். கிழிந்த வெள்ளி அட்டையில் அம்லோடிபின் என்று இருந்தது. ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் மருந்து. ரெசர்ப்பினைப் போல மூளையின் சரக்கை வடித்துவிடுவதல்ல. நாம் மருத்துவர் இல்லை. ஆகவே இதை நம் வாயால் சொல்லாமல், அருகிலிருந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனோம். மேல் அளவு நூற்று எழுபதைத் தாண்டியிருந்தது. பணியில் இருந்த டாக்டரம்மா மாத்திரையைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. “நைட் ஷிப்டு எத்தனை நாள்? பகல்ல எத்தனை மணி நேரம் தூங்குவீங்க? குறட்டை உண்டா?” என்று கேட்டார். ரூமில் ஆறு பேர், தகரக் கூரை, மதியம் படுத்தால் வேர்த்துக் கொட்டும், மூன்று மணிநேரம் தூங்கினால் அதிகம் என்றார் நண்பர். டாக்டரம்மா அதையும் சீட்டில் எழுதிக்கொண்டார். மாத்திரையை நிறுத்தியது தப்பு, நாளை காலையே மறுபடி தொடங்க வேண்டும், ஞாபகத்தில் பிசகு வந்தால் தானாக நிறுத்தாமல் நேரே தன்னிடம் வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

வெளியே வந்ததும் நண்பர், “அந்த வேரு பேரு என்ன சொன்னீங்கண்ணே?” என்று கேட்டார். சொன்னோம். செல்போனில் தமிழிலேயே எழுதி வைத்துக்கொண்டார். அந்த வாரம் அவருக்கு நைட் ஷிப்டு. பேருந்து பத்து மணிக்கு.